புகைபோக்கிக்குப் பக்கத்தில் வெள்ளரிக் கொடி

வாசகர் கேள்வி – பதில்

(இம்முறை பதில் சொல்பவர், ராணிப்பேட்டைப் பகுதியில் கொதிகலன்களோடும் அவற்றின் துணைக்கருவிகளோடும் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்ற பொறியாளர். இப்போது திருவலம் பக்கம் காய்கறி பயிரிடுகிறார். தொழிற்சாலையில் வீணாகும் வெப்பத்தைப் பசுமைக்குடிலுக்குப் பயன்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு செய்தியைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.)

கேள்வி: எங்கள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் விறகு எரிக்கும் இரண்டு டன் பாய்லர் ஓடுகிறது. புகைபோக்கி வழியாக அத்தனை சூடும் வானத்துக்குப் போகிறது. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட வெப்பத்தில் தக்காளி வளர்க்கிறார்களாம். எங்கள் மதிலுக்கு அப்பால் இரண்டு ஏக்கர் தரிசு கிடக்கிறது. பசுமைக்குடில் போடலாமா ஐயா?
– தொழிற்சாலை மேலாளர், மேல்விஷாரம்

பதில்: போடலாமா என்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாய்லருக்குள் போகும் தண்ணீரின் வெப்பநிலை என்ன? இதைக் கேட்டால் மேலாளர் பாய்லர்காரரைத் திரும்பிப் பார்ப்பார். பாய்லர்காரர் கூரையைப் பார்ப்பார். இந்தக் காட்சியை நான் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவன்.

இரண்டு டன் பாய்லர், அதாவது மணிக்கு இரண்டு டன் நீராவி தரும் பாய்லர், முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோ விறகு தின்னும். பாய்லருக்குள் போகும் அந்த ஊட்டுநீரின் வெப்பநிலை 6 டிகிரி உயர்ந்தால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம் என்பது எங்கள் தொழிலில் மனப்பாடக் கணக்கு. நீராவி வேலையை முடித்துக் குளிர்ந்து சுடுநீராகத் திரும்புகிறதே, அதைச் சாக்கடையில் விடாமல் தொட்டிக்குக் கொண்டுவந்து, 30 டிகிரியில் இருந்த ஊட்டுநீரை 80 டிகிரியாக்கினால் 8 சதவீதம், அதாவது மணிக்கு 40 கிலோ விறகு மிச்சம். பத்து மணி நேர ஓட்டத்தில் 400 கிலோ. உங்கள் விறகு விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தக்காளியும் இவ்வளவு விரைவில் காசு தராது. தோல் பதனிடும் டிரம்முக்குள் நீராவியை நேராக விட்டுத் தண்ணீரைச் சூடாக்குகிற இடங்களில் மட்டும் இந்தச் சுடுநீர் திரும்பி வராது. சுருள்குழாய் வழியாகச் சூடாக்குகிற இடங்களிலும் உலர்த்தும் இயந்திரங்களிலும் வரும்.

புகையிலும் கொஞ்சம் எடுக்கலாம். புகையின் வெப்பநிலையை 20, 22 டிகிரி குறைத்தால் 1 சதவீதம் மிச்சம். 200 டிகிரியில் போகும் புகையை 150-க்குக் கொண்டுவந்தால் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். அதற்குக் கீழே இறக்க ஆசைப்படும்போது எரிபொருளைப் பாருங்கள். ஃபர்னஸ் ஆயிலிலும் கந்தகம் கூடிய நிலக்கரியிலும் புகை மிகவும் குளிர்ந்தால் கந்தக அமிலம் துளிர்த்துக் குழாயை அரித்துவிடும். விறகில் கந்தகம் குறைவு. ஆனால் சாம்பலும் தாரும் படியும், வாரம் தவறாமல் துடைக்க ஆள் வேண்டும்.

இதெல்லாம் செய்தபின் எஞ்சும் வெப்பம்தான் குடிலுக்கு. அதாவது 50 முதல் 90 டிகிரி வரையுள்ள வெந்நீர், கம்ப்ரஸர் அறையின் சூடான காற்று போன்றவை.

இப்போது நெதர்லாந்து. அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை 3 டிகிரி அளவில்தான் இருக்கும். கண்ணாடிக் குடிலைச் சூடாக்க இயற்கை எரிவாயு எரிக்காவிட்டால் பயிர் இல்லை. 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது பல பேர் குடிலைக் காலியாகவே போட்டு வைத்தார்கள். அதனால்தான் டெர்நியூசன் என்ற துறைமுக நகரில் உரத் தொழிற்சாலையின் வீண்வெப்பத்தைக் குழாய்வழி குடில்களுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒவ்வொரு டிகிரியும் காசு. நமக்கு? தை மாத இரவிலும் வேலூரில் சராசரியாக 17, 18 டிகிரி இருக்கும். தக்காளிக்கு அதுவே நல்ல இரவு. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும். ஊரை வெயிலூர் என்று கேலி செய்வது சும்மா இல்லை. இங்கே குடிலைச் சூடாக்கக் கிளம்புவது, அடுப்பங்கரையில் குளிர்காய விறகு தேடுவது மாதிரி.

ஆகவே உங்கள் தரிசில் குடில் போடலாம், ஆனால் நெதர்லாந்துக்காரர் எதற்கு வெப்பம் வாங்குகிறாரோ அதற்காக அல்ல. எதற்காக என்பதை அடுத்த கேள்விக்காரருக்குச் சொல்கிறேன், நீங்களும் படியுங்கள்.

கேள்வி: 25 சென்ட் பாலிஹவுஸில் வெள்ளரி போட்டிருக்கிறேன். கோடையில் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் இலையில் மஞ்சள் புள்ளி, பின்பக்கம் சாம்பல் நிறம், பத்து நாளில் கொடி கருகிவிடுகிறது. மருந்து அடித்தே ஓய்ந்துவிட்டேன். பக்கத்தில் நீராவி பயன்படுத்தும் தொழிற்சாலை இருக்கிறது. அதன் வெப்பத்தால் ஏதாவது பயன் உண்டா?
– விவசாயி, குடியாத்தம்

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டவருக்கு உண்மையான தொல்லை இருக்கிறது, பக்கத்திலேயே மருந்தும் இருக்கிறது.

நீங்கள் சொல்வது அடிச்சாம்பல் நோய். அதன் வித்துகளுக்கு வேண்டியது இலைமேல் சில மணி நேரம் நிற்கும் ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உங்கள் குடிலுக்குள் நள்ளிரவுக்குப் பிறகு காற்றின் ஈரப்பதம் 100 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பாலித்தீன் கூரையில் நீர் கோத்து இலைமேல் சொட்டும். விடியும்போது காற்று முதலில் சூடாகும். இலையும் காயும் குளிர்ந்தே இருக்கும், அவற்றின் மேலும் நீர் படியும். நீங்கள் காலை எட்டு மணிக்கு மருந்துத் தெளிப்பானோடு போகும்போது பூஞ்சை வேலையை முடித்திருக்கும்.

இங்கேதான் வெப்பம் கைகொடுக்கும். 22 டிகிரியில் 100 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை வெறும் 3 டிகிரி சூடாக்கினால், ஒரு சொட்டு நீரையும் வெளியேற்றாமலே அதன் ஈரப்பதம் 83 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இலை காய்ந்துவிடும். குளிர்நாட்டுக் குடில்களில் கோடையிலும் குழாயில் கொஞ்சம் வெந்நீர் ஓடவிடுவது இதற்காகத்தான். பயிருக்குக் குளிர் என்பதால் அல்ல.

எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்ப்போம். 25 சென்ட் என்றால் 1,000 சதுர மீட்டர். கூரையும் சுவரும் சேர்ந்து பாலித்தீன் பரப்பு 1,500 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒற்றைப் படலத்தின் வழியே சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 6 வாட் போகும். 3 டிகிரிக்கு 27 கிலோவாட். உங்களுடையது இயற்கைக் காற்றோட்டக் குடிலாக இருந்தால் கூரை முகட்டுத் திறப்பை மூட முடியாது. மூடவும் வேண்டாம், ஈரக்காற்று வெளியேற அந்த வழி தேவை. பக்கத் திரைகளை மட்டும் இறக்குங்கள். அந்த இழப்பையும் சேர்த்து இரட்டிப்பாக 55 கிலோவாட் என்று கொள்வோம். இரவு முழுவதும் தேவையில்லை. அதிகாலை மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை போதும். நான்கு மணி நேரத்துக்கு 220 யூனிட் வெப்பம்.

பெரும்பாலான தொழிற்சாலைகளில் பாய்லர் பகலில்தான் ஓடும், உங்களுக்கு வேண்டியதோ விடியலில். எனவே பகல் வெப்பத்தை ஒரு தொட்டியில் பிடித்து வைக்க வேண்டும். 85 டிகிரியில் நிரப்பி 50 டிகிரி வரை பயன்படுத்தினால், ஒரு லிட்டர் தண்ணீர் 35 கிலோ கலோரி தரும். கணக்குப் போட்டால் சுமார் 5,400 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் இரும்புத் தொட்டி, சுற்றிலும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் ராக்வுல் போர்வை நான்கு அங்குலம், மேலே தகடு. மொட்டைமாடியில் வைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை வாங்கிவிடாதீர்கள். 85 டிகிரியில் அது தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

தொட்டியிலிருந்து குடிலுக்குள் வெப்பத்தை இறக்க இரண்டு வழிகள். வரிசைகளுக்கு நடுவே தரையில் இரும்புக் குழாய் ஓட்டுவது ஒன்று. 1,000 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் குழாய் வேண்டும். இரும்பு விலைக்கு இது நமக்குக் கட்டாது. இன்னொன்று, வெந்நீர்ச் சுருளுக்குப் பின்னால் விசிறி வைத்து, துளையிட்ட பாலித்தீன் குழல் வழியாகக் குடில் நெடுக வெதுவெதுப்பான காற்றை அனுப்புவது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. செலவு குறைவு, காற்றும் அசைகிறது, அசையும் காற்றே பாதி மருந்து. லாரி ரேடியேட்டரை வைத்துச் செய்யலாமா என்று கேட்பீர்கள். முன்னோட்டம் பார்க்க வைக்கலாம். நான்கு மூலையிலும் ஈரப்பதமானி தொங்கவிட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு பெரிய செலவில் இறங்குங்கள்.

தொழிற்சாலைக்கும் குடிலுக்கும் தூரம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. 300 மீட்டருக்குள் என்றால் யோசிக்காமல் செய்யலாம். ஒரு கிலோமீட்டர் என்றால் குழாய்க்கும் அதன் போர்வைக்கும் ஆகும் செலவு உங்கள் வெள்ளரியைத் தின்றுவிடும்.

மருந்தை அடியோடு நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தெளிப்பு எண்ணிக்கை குறையும். நோய் தாங்கும் ரகமும் வேண்டும், கீழ் இலைகளைக் கிள்ளிக் காற்று போக வழி செய்வதும் வேண்டும்.

கேள்வி: வீண்வெப்பத்தால் இயங்கும் வேப்பர் அப்சார்ப்ஷன் இயந்திரம் வைத்து, கோடையில் பசுமைக்குடிலைக் குளிரூட்டலாமே? இதைக் கல்லூரித் திட்டப்பணியாக எடுத்திருக்கிறோம். உங்கள் கருத்து?
– பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, காகிதத்தில் அழகான யோசனை. கால் ஏக்கர் குடிலுக்கே போட்டுப் பார்ப்போம்.

நண்பகலில் சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில். 1,000 சதுர மீட்டருக்கு 900 கிலோவாட். படலம் தடுத்தது, திருப்பியது போக 500 கிலோவாட்டையாவது வெளியேற்ற வேண்டும். குளிரூட்டும் கணக்கில் இது 140 டன்னுக்கு மேல். வெந்நீரில் ஓடும் ஒற்றைக் கட்ட லித்தியம் புரோமைடு இயந்திரத்தின் செயல்திறன் விகிதம் 0.7, அதாவது ஒரு பங்கு வெப்பம் ஊட்டினால் 0.7 பங்கு குளிர்ச்சி. ஆக 700 கிலோவாட் வெப்பம் ஊட்ட வேண்டும். மேல்விஷாரத்துக்காரர் சொன்ன இரண்டு டன் பாய்லரின் மொத்த நீராவியே 1,400 கிலோவாட்தான். அதில் பாதியைக் கால் ஏக்கர் வெள்ளரிக்குக் கொடுத்தால் அது வீண்வெப்பமா, வீணடித்த வெப்பமா?

அதைவிட மோசம் தண்ணீர்க் கணக்கு. உங்கள் அறிக்கையில் இதைக் கட்டாயம் சேருங்கள். குடிலின் 500, ஊட்டிய 700, ஆக 1,200 கிலோவாட்டையும் குளிர்விப்புக் கோபுரம் ஆவியாக வெளியே தள்ள வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். அதே 500 கிலோவாட்டை, நனைந்த அட்டையும் விசிறியும் வைத்து நேரடியாக வெளியேற்றினால் 740 லிட்டர் போதும். தண்ணீர் இல்லாத ஆறு, மன்னன் இல்லாத கோட்டை என்று பேர் வாங்கிய ஊரில் இதில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

நனைந்த அட்டை நம் ஊர்க் கோடைக்குப் பொருத்தமானதும்கூட. 41 டிகிரி வெப்பம், 30 சதவீத ஈரப்பதம் உள்ள பிற்பகலில் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கடைசி எல்லை, 26 டிகிரி அளவில் இருக்கும். நல்ல அட்டை 80 சதவீதம் வேலை செய்தாலே காற்று 29 டிகிரிக்கு இறங்கிக் குடிலுக்குள் நுழையும். மறுகோடியில் விசிறிக்குப் பக்கத்தில் மூன்று, நான்கு டிகிரி ஏறியிருக்கும். நீளமான குடில் கட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் இயந்திரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அது 7 டிகிரிக் குளிர்நீர் தரும், உறைநிலைக்குப் போகாது. ஆனால் தக்காளி, கத்திரி, வெள்ளரி, குடைமிளகாய் எதையும் உறைநிலைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, கறுத்துவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 10 முதல் 13 டிகிரிதான் ஏற்ற சேமிப்பு வெப்பநிலை. 7 டிகிரி நீர் இருந்தால் 12 டிகிரி அறை எளிது. குடிலைக் குளிரூட்டாதீர்கள், பறித்த காயைக் குளிரூட்டுங்கள். தொழிற்சாலைச் சுவரை ஒட்டி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று சேர்ந்து ஒரு குளிர் அறை கட்டுகிற மாதிரி திட்டப்பணியை மாற்றினால் நானும் வந்து பார்க்கத் தயார்.

கேள்வி: தோல் தொழிற்சாலைப் பக்கம் விளைந்த காய்கறியை நான் என் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவேனா? குரோமியம் கலந்த தண்ணீரால் பாலாறு பட்டது போதாதா? இந்த யோசனையே எனக்குப் பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, வாணியம்பாடி

பதில்: பயப்படுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு அம்மா. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுமையாக நிரூபிக்கப்படும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமல்ல.

ஆனால் வெப்பத்தை வாங்குவதும் தண்ணீரை வாங்குவதும் வேறு வேறு. நடுவில் தகடு வைத்த வெப்பப் பரிமாற்றியில் ஒருபக்கம் தொழிற்சாலை நீர், மறுபக்கம் குடிலின் சுத்த நீர். சூடு மட்டும் உலோகத்தைக் கடக்கும். தகட்டில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். சுத்த நீர் இருக்கும் பக்கத்தின் அழுத்தத்தை எப்போதும் கூடுதலாக வைக்க வேண்டும். அப்போது கசிந்தாலும் நம் நீர் அவர்கள் பக்கம் போகுமே தவிர, அவர்கள் நீர் இங்கே வராது. கூடவே நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி ஒன்றை நம் பக்கம் பொருத்திவிட்டால், பம்பு நின்றுபோன நேரத்தில் உப்பு நுழைந்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும். அதோடு, இந்தச் சுத்த நீரும் குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது; செடிக்கு ஊற்றப்படுவதில்லை.

எனக்குக் கவலை அங்கே இல்லை. பாசனத்துக்கு எந்தத் தண்ணீர் என்பதில்தான். கழிவுநீரைக் காய்ச்சும் ஆவியாக்கிகளிலிருந்து கிடைக்கும் நீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், உப்பும் குறைவு. அதைக் காய்கறிக்கு விடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமோனியாவும் எளிதில் ஆவியாகும் வேறு சில பொருள்களும் ஆவியோடு ஆவியாக ஏறி வந்திருக்கும். அது தொழிற்சாலைக்கே திரும்பிப் போகட்டும். அந்தப் பகுதிக் கிணற்று நீரையும் பரிசோதிக்காமல் தொடக் கூடாது. மின்கடத்துதிறனை வைத்து அளக்கும் மண்ணின் உப்புநிலை மீட்டருக்கு 2.5 டெசிசைமனைத் தாண்டினால் தக்காளி விளைச்சல் குறையத் தொடங்கும், குடைமிளகாய்க்கு 1.5, ஸ்ட்ராபெரிக்கு 1. குரோமியம் வரும் முன்பே உப்பு குடிலைக் கவிழ்த்துவிடும்.

நான் சொல்லும் வழி கூரைத்தண்ணீர். நம் பகுதியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்தால், 1,000 சதுர மீட்டர்க் குடில் கூரையில் 9 லட்சம் லிட்டர் விழுகிறது. ஏழு லட்சம் பிடித்தாலும், நாளுக்கு 2,500 லிட்டர் குடிக்கும் பயிருக்கு ஒன்பது மாதம் ஓடும். பண்ணைக்குட்டை வெட்டி, அடியில் படலம் விரித்து, மேலே நிழல்வலை போட வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையோ அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி, மண்ணையும் நீரையும் எங்கே, எப்படிப் பரிசோதிப்பது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்து, காயையும் பரிசோதனைக்கு அனுப்பிச் சான்றைக் கடையில் ஒட்டினால், நீங்கள் வாங்குவீர்களோ என்னவோ, நான் வாங்குவேன்.

கேள்வி: குடிலில் மூன்றாம் போகத்திலேயே வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வந்துவிட்டது. தொழிற்சாலை நீராவியை மண்ணுக்குள் விட்டு நூற்புழுவைக் கொல்லலாமா?
– விவசாயி, அணைக்கட்டு

பதில்: கொல்லலாம். ஈர மண் முழுவதும் 60, 70 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு தப்பாது. ஆனால் இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சூடாக்க, வீணாவதும் சேர்ந்து, சதுர மீட்டருக்கு 20 கிலோ நீராவியாவது பிடிக்கும். உங்கள் குடில் 25 சென்ட் என்றால் 20 டன். அது வீண்வெப்பமல்ல, விறகு போட்டுக் காய்ச்சிய சரக்கு.

வேலூர்க்காரருக்கு வெயில் இருக்கும்போது இது எதற்கு? பங்குனிக் கடைசியில் கொடிகளை அகற்றி, மண்ணை நன்றாக நனைத்து, மெல்லிய ஒளிபுகும் பாலித்தீனை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து ஓரங்களைப் புதைத்துவிடுங்கள். குடிலையும் மூடிவிடுங்கள். கத்திரி வெயில் முடியும் வரை, ஆறு வாரம். மேல்மண்ணில் உள்ள நூற்புழுவில் பெரும்பகுதி ஒழிந்துவிடும். ஆழத்தில் இருப்பது பிழைக்கும். அதனால் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். நாற்றுக்கான குழித்தட்டு ஊடகத்தை மட்டும் நீராவியில் வேகவைத்துக்கொள்ளுங்கள். அளவு கொஞ்சம், பலன் அதிகம். நூற்புழு நாற்றோடுதான் குடிலுக்குள் குடிவருகிறது.

கேள்வி: ஏலகிரியில் மார்கழி இரவுகளில் குடிலுக்குச் சூடு தேவைப்படுகிறது. கீழே தொழிற்சாலைகள் இருக்கின்றன. கொண்டுவர முடியுமா?
– மலர் வளர்ப்பவர், ஏலகிரி மலை

பதில்: முடியாது. வெப்பம் தேவைப்படும் இடத்தில் தொழிற்சாலை இல்லை, தொழிற்சாலை இருக்கும் இடத்தில் வெப்பம் தேவையில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வெந்நீரை ஏற்றும் மின்சாரத்தில் நீங்கள் இன்னொரு தோட்டமே வைக்கலாம். இரவில் குடிலுக்குள் ஒரு வெப்பத்திரையை இழுத்து மூடுங்கள். பகல் சூட்டில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் குடில் போட்டால் வெப்பமும் கிடைக்கும், புகையில் உள்ள கரியமில வாயுவும் பயிருக்கு உரமாகும் என்கிறார் நண்பர். சரியா?
– பட்டதாரி விவசாயி, அம்முண்டி

பதில்: உங்கள் நண்பர் இங்கிலாந்தின் விஸ்ஸிங்டன் பற்றிப் படித்திருப்பார். நார்ஃபோக்கில் உள்ள அந்தச் சர்க்கரை ஆலையை ஒட்டி 18 ஹெக்டேர் கண்ணாடிக் குடில் கட்டி, ஆலையின் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் கொடுத்துப் பல ஆண்டுகள் தக்காளி விளைவித்தார்கள். பிறகு மருந்துக்கான கஞ்சாச் செடிக்கு மாறிவிட்டார்கள். அதில் காசு கூடுதல். நெதர்லாந்தில் ரோட்டர்டாம் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயுவை, பயனற்றுக் கிடந்த பழைய எண்ணெய்க் குழாய் வழியாகவே குடில்களுக்குக் கொண்டுபோகிறார்கள். 2005 முதல் நடக்கிறது.

இரண்டு சிக்கல்கள் நமக்கு. அங்கே குளிரில் குடில் மூடியிருக்கும், விட்ட வாயு உள்ளேயே நிற்கும். இங்கே சன்னல்களைத் திறந்து வைத்தால்தான் பயிர் பிழைக்கும். விட்ட வாயு அடுத்த நிமிடம் சாலையில் இருக்கும். அடுத்தது, கரும்புச் சக்கைப் புகையில் சாம்பலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் முழுதாக எரியாத வாயுக்களும் உண்டு. எத்திலீன் கொஞ்சம் கலந்தாலும் பூ உதிர்ந்துவிடும். ரோட்டர்டாமில் தருவது சுத்தமான வாயு. இதை விட்டுவிடுங்கள். ஆலை அரவை முடிந்தால் வெப்பமும் பல மாதம் நின்றுவிடும் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் காலணித் தொழிற்சாலையில் பாய்லர் இல்லை. 100 குதிரைத்திறன் கம்ப்ரஸர் மட்டும் இருக்கிறது. அந்த அறையிலிருந்து அனல்காற்று வெளியே அடித்துக்கொண்டே இருக்கும். என் அண்ணன் பக்கத்துக் கிராமத்தில் நிலக்கடலை போடுகிறார். இரண்டையும் சேர்க்க முடியுமா?
– பராமரிப்புத் தொழிலாளி, ஆம்பூர்

பதில்: குடிலைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சரியான இடத்தைப் பிடித்தவர் நீங்கள்தான். கம்ப்ரஸருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 75 கிலோவாட் இயந்திரத்திலிருந்து 60 கிலோவாட் சூடான காற்று கிடைக்கும். அதில் புகை இல்லை, சாம்பல் இல்லை.

நிலக்கடலை புரட்டாசி, ஐப்பசியில் பறித்து, களத்தில் காயப்போடும்போது மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சை வரும், அதோடு அஃப்ளாடாக்சின் நஞ்சும் வரும். விரைவில் 8 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருவதுதான் தப்பும் வழி. ஆனால் 38 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். தோல் உரியும், பருப்பு பிளக்கும், சுவையும் கெடும். கம்ப்ரஸர் காற்று அதைவிடச் சூடாக வந்தால் வெளிக்காற்றைக் கலந்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு டன் ஈரக் கடலையிலிருந்து 35 சதவீத ஈரத்தை 8-க்கு இறக்க 290 கிலோ தண்ணீரை எடுக்க வேண்டும். வெப்பக் கணக்கில் ஏழெட்டு மணி நேரம். காய்க்குள்ளிருந்து ஈரம் வெளியே வர அவகாசம் வேண்டும் என்பதால் நடைமுறையில் ஒரு நாளைத் தாண்டும்.

பராமரிப்பில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸரின் காற்று வாயில் நேராகக் குழலை மாட்டிவிடாதீர்கள். பின்னழுத்தம் ஏறி, இயந்திரம் சூடேறி நின்றுவிடும். பழி அண்ணன் தலையில் விழும். நடுவில் தனி விசிறி வைத்து இழுங்கள். உலர்த்தாத நாளில் காற்று பழைய வழியே போக ஒரு தட்டிக் கதவும் வையுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையும் விவசாயியும் வேறு வேறு ஆட்கள் என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?
– வழக்கறிஞர், வேலூர்

பதில்: சட்டமொழி உங்கள் வேலை, குழாய்க்காரன் சொல்வதைக் கேளுங்கள். மதில்தான் எல்லை. வெப்பப் பரிமாற்றி வரை தொழிற்சாலையின் பொறுப்பு, அதற்கு இப்பால் விவசாயியின் பொறுப்பு. வெப்பத்துக்கு விலை வைப்பதானால், வீணாகப் போனது என்பதால் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இலவசம் என்று கேட்டுப் பார்க்கலாம். முதலாளி மறுத்தால், விவசாயிக்கு மிச்சமாகும் மருந்துச் செலவில் ஒரு பங்கு. விடுமுறையிலும் ஆர்டர் இல்லாத மாதத்திலும் பாய்லர் நிற்கும். அந்த நாளில் வெப்பம் தர வேண்டிய கட்டாயம் தொழிற்சாலைக்கு இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். விவசாயியும் அந்த வெப்பம் இல்லாவிட்டால் பயிரே செத்துவிடும் என்கிற மாதிரிப் பயிரைப் போடக் கூடாது. தோட்டக்கலைத் துறையில் குடிலுக்கு 50 சதவீத மானியம் வாங்குவதாக இருந்தால், விதிமுறைகளைப் பார்த்துவிட்டுத்தான் தொழிற்சாலை நிலத்தில் கட்டுவதா, சொந்த நிலத்தில் கட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும். சுற்றோட்டப் பம்புக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்பதைத் தனி வரியாகப் போடுங்கள்; முதல் சண்டை அங்கேதான் வரும்.